கல்லிலிருந்துதான் வரவேண்டும்

நெருப்புப்பெட்டி இல்லாமல் நெருப்பு மூட்டுவதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் போதும், எனக்குக் கை துறுதுறுக்கும். நான் தையல்காரி. ஊசியும் நூலும் கத்திரிக்கோலும்தான் என் உலகம். ஆனாலும் ஒரு காலை வேளையில், கலஹாவுக்கு மேலே எங்கள் தோட்டத்துக் கோயில் முற்றத்தில், ஒரே ஒரு பொறிக்காக ஒரு ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பொறியில்தான் என் கலியாணம் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு எனக்குத் துறுதுறுக்காமல் என்ன செய்யும்?

அது பெரிய சனிக்கிழமை. பெரிய வெள்ளிக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் நடுவில் வரும் நாள். அந்தக் காலத்தில் அன்றைய பூசை காலையில்தான் நடக்கும். கோயிலுக்குள் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, வெளி முற்றத்தில் புது நெருப்பு உண்டாக்க வேண்டும். அந்த நெருப்பில் பெரிய மெழுகுதிரியை ஏற்றி, அந்தத் திரியைத் தண்ணீரில் முக்கி மந்திரித்து, அந்தத் தண்ணீரில் ஞானஸ்நானம் கொடுப்பார்கள். ஒன்றின் முந்தானையை ஒன்று பிடித்துக்கொண்டு வருகிற காரியம். அதில் முதலாவது நெருப்பு. அந்த நெருப்பு கல்லிலிருந்துதான் வரவேண்டும். நெருப்புக்குச்சி கூடாது, அடுப்புக் கொள்ளியும் கூடாது. கல்லைத் தட்டிப் பிறந்த நெருப்பாக இருக்கவேண்டும் என்பது சாமியார் கையில் இருந்த புத்தகத்தின் சட்டம்.

அதுவரை எங்கள் தோட்டத்தில் அந்தப் பூசை நடந்ததில்லை. கண்டியிலே பெரிய கோயிலுக்குப் போய்த்தான் பார்ப்போம். அந்த வருஷம்தான் அப்பா சாமியார் பின்னாலேயே திரிந்து, கெஞ்சி, எங்கள் சின்னக் கோயிலுக்கும் அதைக் கொண்டுவந்திருந்தார். அப்பா மலையில் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடும் வேலை அது. மற்ற நேரத்தில் கோயில்பிள்ளை. மணி அடிப்பதும் திரி ஏற்றுவதும் அவர் பொறுப்பு.

அப்பா அத்தனை கெஞ்சியதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் கண்டிக்கும் கலஹாவுக்கும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தது.

அவரை நான் நூல் வாங்கப் போன வழியில்தான் கண்டேன். பேராதனைப் பாலத்தடியில் பஸ் நின்றுவிட்டது. இறங்கிப்போய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "யார்கிட்டயாவது ஊசி இருக்கா?" என்று கேட்டார். ஊசியால் எதையோ குத்திச் சுத்தம் செய்தார், பஸ் கிளம்பியது. ஊசியைத் திருப்பித் தர மறந்துபோனார். அதைக் கேட்டுக்கொண்டு நான் மூன்று முறை கண்டிக்குப் போனேன் என்று அத்தை ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். அப்பாவின் அக்கா அவள். அவள் வாயில் விழுந்தால் எந்தச் செய்தியும் தாவணி கட்டிக்கொண்டுதான் வெளியே வரும்.

அவர் கோயிலுக்கு வருகிறவர் அல்ல. எங்கள் வேதத்துக்கு வருவதாக அவரே விரும்பிச் சொல்லி, மந்திரமெல்லாம் மனப்பாடம் செய்தார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பரமண்டல மந்திரம் சொன்னதில் கலஹா வளைவுகளுக்கெல்லாம் அது பாடமாகிப்போயிருக்கும். பெரிய சனிக்கிழமை ஞானஸ்நானம், அதைப் பெற்றால்தான் திங்கட்கிழமை கலியாணம் என்று முடிவாயிற்று.

இடையில் வந்து நின்றவர் அவருடைய தாய்மாமன். தகப்பன் இல்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்தவர். வண்டி ஓட்டிப் பிழைத்து, வயதாகி, சொந்த ஊரான இந்தியாவுக்கே திரும்பிப் போகிற ஏற்பாட்டில் இருந்தார். மருமகனையும் கூட்டிப் போய்விட வேண்டும் என்று அவருக்கு ஆசை. எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்:

"திங்கக்கெழம கலியாணம் நடந்துச்சா, மொத பந்தியில உக்காந்து சாப்புட்டுட்டு நான் பாட்டுக்குப் போயிருவேன். நடக்கல, செவ்வாக்கெழம தலைமன்னார் ரயிலு, அங்கேர்ந்து கப்பலு. இவனும் எங்கூட ஏறணும். அங்க பொண்ணு தயாரா இருக்கு. என்னடா சொல்ற?"

"சரி மாமா," என்று சொல்லிவிட்டார் இவர். வளர்த்தவரிடம் வேறு என்ன சொல்வார்? திங்கட்கிழமை எப்படியும் நடக்கப்போகிறது என்ற தைரியம் வேறு.

சாமியாரோ நெருப்பு இல்லாவிட்டால் திரி இல்லை, திரி இல்லாவிட்டால் தண்ணீர் இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அன்று தவறினால், ஐம்பது நாள் கழித்து வரும் பெந்தெகொஸ்தே வரை பொறுக்கவேண்டுமாம். பெந்தெகொஸ்தேக்குள் தாய்மாமன் ஊரில் பேரப்பிள்ளைக்குப் பெயர் வைத்திருப்பார்.

அந்தக் காலையில் நான் கோயிலை ஒட்டிய சின்ன அறையில் இருந்தேன். கலியாணப் பெண் முற்றத்தில் நிற்கக்கூடாது என்று அத்தை என்னை உள்ளே தள்ளி, பீடத்துத் துணிகளையும் இஸ்திரிக்கையையும் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த நாளைய இஸ்திரிக்கை சிரட்டைக்கரி போடுகிற பெட்டி. சின்ன அடுப்பைக் கையில் தூக்கிக்கொண்டு திரிகிற மாதிரிதான். அவருக்கு ஞானஸ்நானத்தில் போர்த்துவதற்காக நான் தைத்த வெள்ளைத் துணியும் அங்கேதான் இருந்தது. ஜன்னல் வழியாக முற்றம் முழுக்கத் தெரிந்தது.

முதல் நாள் பெய்த மழையில் முற்றம் நசநசவென்று கிடந்தது. சனமோ அடைந்து நின்றது. புது நெருப்பை வீட்டுக்குக் கொண்டுபோக ஒவ்வொரு கையிலும் ஒரு அரிக்கன் லாம்பு. பெரிய வியாழனிலிருந்து மணி அடிக்கக்கூடாது என்பதால் மரக்கட்டையைத் தட்டித்தான் கூப்பிட்டிருந்தார்கள். பலாமரத்தடிக் கல்லில் தாய்மாமன் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பந்தயம் பார்க்க வந்தவர் மாதிரி முகம்.

அப்பா பிஸ்கட் டின்னைத் திறந்தார். கண்டிக் கோயில்பிள்ளை கொடுத்தனுப்பிய டின் அது. அவர் அனுப்பியபோது அதற்குள் இருந்தது ஒரு வெங்கச்சங்கல், பால் மாதிரி வெள்ளை. ஒரு இரும்புத் துண்டு. ஒரு கறுப்புத் துணி. "இதை அப்படியே கொண்டுபோய்த் தட்டு, பிடிக்கும்" என்று மட்டும் அவர் சொல்லியிருந்தாராம். பெரிய வாரத்து அவசரத்தில் அதற்குமேல் யாருக்கு நேரம்?

இப்போது டின்னுக்குள் கல் இருந்தது. இரும்பு இருந்தது. துணியைக் காணோம்.

"கல்லச் சுத்தி வச்ச துணி, அதுக்கென்ன," என்றார் அப்பா. தலையணையைக் கிழித்து ஒரு பிடி இலவம் பஞ்சு எடுத்துக் கல்லடியில் வைத்தார். இரும்புத் துண்டு சின்னதாக இருக்கிறதென்று தன் கவ்வாத்துக் கத்தியையே உருவினார். கத்தியின் முதுகால் கல்லை ஒரு அடி அடித்தார் பாருங்கள், பொறி பூவாய்க் கொட்டியது! சனம் "ஆ!" என்றது. பொறி பஞ்சில் விழுந்தது. செத்தது. மறுபடி அடித்தார். மறுபடி பூ. மறுபடி சாவு.

"பொறந்த ஒடனே போகுது!" என்றாள் அத்தை. "உங்கையில என்ன கத்தியா, கரண்டியா?"

"நீ சும்மா இருக்கா."

"சும்மாதான் இருக்கேன். பொறியும் சும்மாதான் இருக்கு."

சாமியார் பொறுமையாக நின்றார். வெளிநாட்டுக்காரர், நீலக் கண். தமிழைப் புத்தகத்தில் படித்தவர். பேசினால் ஒவ்வொரு எழுத்துக்கும் கதிரை போட்டு உட்கார வைத்துத்தான் பேசுவார். "அவசரம் வேண்டாம் பிள்ளைகளே. ஆயினும் உச்சிவேளைக்கு முன்னர் யாவும் நிறைவு பெறுதல் வேண்டும்," என்றார். உச்சிவேளையோடு தபசுகாலம் என்கிற நோன்புக்காலம் முடிந்துவிடும், அதற்குப் பிறகு அந்தப் பூசை இல்லை.

நான் ஜன்னலைவிட்டு நகரவில்லை. இஸ்திரிக்கை கையிலேயே இருந்தது, எதைத் தேய்க்கிறேன் என்றே தெரியவில்லை.

முதலில் முன்னால் வந்தவர் எங்கள் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல வேதக்காரர். என்னவருக்கு ஞானத்தகப்பனாக நிற்க ஒத்துக்கொண்டிருந்தார். கோட்டுப் பையிலிருந்து பளபளவென்று ஒரு பெற்றோல் லைட்டரை எடுத்தார்.

"சுவாமி, இதுக்குள்ளயும் ஒரு கல்லுத்தானே இருக்கு? சக்கரம் கல்லில உரசித்தான் நெருப்பு வருது. பாருங்கோ." கிளிக். சுடர்.

சனம் கை தட்டியது. சாமியார் லைட்டரை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கே ஆசை வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. தானும் ஒரு தடவை கிளிக் செய்து பார்த்தார். பிறகு பெருமூச்சோடு திருப்பிக் கொடுத்தார்.

"இது ஆலையில் பிறந்த கல். ஆண்டவர் படைத்த கல் அன்று."

"ஓம் சுவாமி, அதுவும் சரிதான்," என்றார் டிஸ்பென்சர் ஐயா. ஆனால் அவர் விடுகிற ஆள் இல்லை. ஒரே ஓட்டமாக மருந்துச் சாலைக்குப் போய், ஒரு பொட்டலமும் ஒரு சின்னப் போத்தலும் கொண்டுவந்தார். பொட்டலத்தில் கொண்டிஸ். கிணற்றுத் தண்ணீருக்குப் போடும் ஊதா மருந்து. போத்தலில் கிளிசரின், உதட்டு வெடிப்புக்குத் தடவுவது.

"ரெண்டும் மருந்து. ரெண்டும் குளிர்ச்சி. ஆனா சேர்த்தா என்ன நடக்குதெண்டு பொறுத்துப் பாருங்கோ."

தகரத் துண்டில் ஊதாத்தூளைக் குவித்து, நடுவில் குழி பறித்து, கிளிசரினைச் சொட்டவிட்டார். சனம் குனிந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

"கிணத்துக்குப் போடுறதுல நெருப்பு வருமாக்கும்!" என்றாள் அத்தை.

"பொறுங்கோ அக்கா."

"பொறுத்துப் பொறுத்து எனக்கே பெந்தெகொஸ்தே வந்திரும் போலிருக்கு."

அவள் சொல்லி வாய் மூடவில்லை. தூள் மெல்லப் புகைந்தது, சீறியது, ஊதாவும் வெள்ளையுமாய் ஒரு கொழுந்து பொசுக்கென்று எழும்பிக் குதித்தது! முன்னால் நின்றவர்கள் பின்னால் நின்றவர்கள் மேல் விழுந்தார்கள். அத்தை தன் லாம்பைப் போட்டு உடைத்துவிட்டு என் ஜன்னல்வரை ஓடிவந்துவிட்டாள். நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், கலியாணம் போகிற கவலையையும் மறந்து. பலாமரத்தடியில் தாய்மாமன்கூட எழுந்து நின்றுவிட்டார். பிறகு ஞாபகம் வந்தவராக உட்கார்ந்தார்.

"வியப்பு! மகா வியப்பு!" என்றார் சாமியார். "ஆனால் கல் எங்கே?"

கல் இல்லை. டிஸ்பென்சர் ஐயா தலையைச் சொறிந்தார்.

அதற்குள் அவரைக் காணோம், என்னவரை. கோயில் வளைவில் நிறுத்தியிருந்த பஸ்ஸுக்கு ஓடியிருந்தார். திரும்பி வந்தபோது பஸ்ஸின் முன்விளக்கு ஒன்று அவர் நெஞ்சோடு இருந்தது. கண்ணாடியைக் கழற்றி, பல்பையும் எடுத்துவிட்டிருந்தார். உள்ளே இருந்த கிண்ணம், வெள்ளி பூசினது, தகதகவென்று மின்னியது.

"ஒரு கண்ணு போன பஸ்ஸ எப்படிடா ஓட்டுவ?" என்று யாரோ கத்தினார்கள்.

"பகல்ல பஸ்ஸுக்குக் கண்ணு எதுக்கு?" என்றார் இவர். "மாமா, ஒங்க பீடியத் தாங்க."

"எதுக்கு?"

"தாங்க மாமா."

தாய்மாமன் மடியிலிருந்து ஒரு பீடியை எடுத்து, கொடுக்கவும் மனமில்லாமல், கொடுக்காமல் இருக்கவும் முடியாமல் நீட்டினார். இவர் விளக்குக் கிண்ணத்தைச் சூரியனுக்கு நேரே திருப்பினார். மழை கழுவிய வானம், நல்ல வெயில். கிண்ணத்தின் நடுவில், காற்றில், வெளிச்சம் ஒரு பொட்டாகக் குவிந்தது. அந்தப் பொட்டில் பீடியின் நுனியை வைத்தார். சனம் எண்ணத் தொடங்குவதற்குள் நுனி கறுத்தது, புகைந்தது, சிவந்தது.

"இழுங்க மாமா!"

தாய்மாமன் இழுத்தார். புகை வந்தது. அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பல் இல்லாத வாய் முழுக்கத் திறந்துபோயிற்று.

"அடேய், சூரியங்கிட்டயே பத்த வச்சிட்டேண்டா!"

சனம் ஆரவாரம் செய்தது. எல்லோரும் தங்கள் பீடியை, சுருட்டை, குச்சியை நீட்டத் தொடங்கிவிட்டார்கள். தபசுகாலமாவது ஒன்றாவது. சாமியாரும் கிட்ட வந்து, அங்கியின் நுனியைப் பிடித்துக்கொண்டு, கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"சாமி, இது ஆண்டவர் படைச்ச சூரியன்தானே? ஆலையில செஞ்சதில்லையே?" என்றார் இவர்.

சாமியார் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அவர் மேல் பாவமாக இருந்தது. மனிதருக்கு மனம் ஒரு பக்கம் இழுக்கிறது, புத்தகம் ஒரு பக்கம் இழுக்கிறது.

"மகனே, உன் நெருப்பு மிக அழகிது. எனினும் கல்லினின்று பிறத்தல் வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. நான் என் செய்வேன்?"

அப்போது பார்த்து மலையிலிருந்து மூடுபனி இறங்கியது. வெயிலும் போயிற்று. கிண்ணம் வெறும் கிண்ணமாயிற்று. அவர் விளக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு என் ஜன்னலைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். தாய்மாமன் சூரியன் கொடுத்த பீடியை ருசித்து ருசித்துக் குடித்தபடி சொன்னார்: "அப்ப செவ்வாக்கெழம ரயிலுதான்."

அத்தை கீழே போட்ட லாம்பை எடுத்துவந்து, என் ஜன்னலடியில் நின்று உடைந்த கண்ணாடித் துண்டுகளை உதறிக்கொண்டிருந்தாள். அவளால் பேசாமல் இருக்க முடியாது.

"ஒங்கப்பன் டின்னுக்குள்ள அந்தக் கந்தலைப் போய்த் தேடுனான் பாரு. அது ஏற்கனவே தீஞ்சுபோன துணிடி. தொட்டாப் பொடிப்பொடியா உதிருது. அலுமாரியில அதைப் போயி எவன் வைப்பான்? புளியோட சேத்துப் பித்தளத் திரித்தண்டையெல்லாம் அதிலதான் தேச்சேன். என்னமா மின்னுது பாத்தியா? தேச்சிட்டுத் தண்ணி ஓடுற கானுல போட்டுட்டேன்."

தீய்ந்துபோன துணி!

அந்த வார்த்தை என் காதில் விழுந்ததும் என் கை நின்றது. எத்தனை வருஷமாக இஸ்திரிக்கை பிடிக்கிறேன்! பெட்டியின் ஓட்டை வழியாகப் பொறி தெறித்து விழுகிறதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! புதுத் துணியில் விழுந்தால் ஒரு புள்ளி போட்டுவிட்டு அவிந்துபோகும். ஆனால் மேசையில் விரித்த பழைய துணியில், ஏற்கனவே கருகின இடத்தில் விழுந்ததோ, அவ்வளவுதான்: சிவப்பு மோதிரமாய் ஊரத் தொடங்கிவிடும். சுடர் இராது, சத்தமும் இராது, தட்டினாலும் லேசில் போகாது. உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி நான் சபித்த அந்த ஊர்கிற நெருப்பு!

கண்டிக் கோயில்பிள்ளை அந்தத் துணியைக் கல்லைச் சுற்ற வைக்கவில்லை. வேண்டுமென்றே கருக்கி வைத்திருக்கிறார். பொறிக்குப் படுக்கை போட்டு வைத்திருக்கிறார்!

"அத்தை! அந்த டின்ன எடுத்துட்டு வாங்க! ஓடுங்க!"

"ஏண்டி கத்துற? கலியாணப் பொண்ணு…"

"ஓடுங்கத்தை!"

அவள் ஓடினாள். தான் பிறந்ததிலிருந்து அக்கா இப்படி ஓடிப் பார்த்ததில்லை என்று அப்பா பிற்பாடு சொன்னார். அதற்குள் நான் வெட்டுத்துணி மூட்டையைக் கொட்டினேன். வெள்ளைத் துணி தைத்து மிஞ்சின துண்டுகள், சுத்தப் பருத்தி, மெல்லிசு. ஒரு துண்டை இஸ்திரிக்கைக் கரியில் காட்டினேன். பற்றியது. டின்னுக்குள் போட்டேன். நன்றாக எரியட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன், மூடியைக் கையில் வைத்துக்கொண்டு. மூடினபோது உள்ளே சாம்பல்தான் இருந்தது.

"சாம்பலா? இத வச்சுத் திரித்தண்டுதான் தேய்க்கலாம்," என்றாள் அத்தை.

மறுபடி. இந்தத் தடவை சுடர் துணி முழுக்க ஓடி, துணி கறுத்து, சுடர் தணியப் போகிற அந்தக் கணத்தில் டக்கென்று மூடினேன். மேலே என் கையை வைத்து அழுத்தினேன். சுட்டது, பரவாயில்லை. புகை இடுக்கு வழியாகக் கொஞ்சம் வந்து நின்றது. திறக்கலாமா? அவசரப்பட்டால் காற்றுப்பட்டு மறுபடி எரிந்துவிடும் என்று இஸ்திரிக்கைக் கரியில் படித்த பாடம். டின்னைத் தூக்கிக்கொண்டு கோயில் பின்புறத்தில் தண்ணீர் கொட்டும் பீலிக்கு ஓடி, தண்ணீர் உள்ளே போகாமல் அடிப்பாகத்தைக் குளிரவிட்டேன். திறந்தேன்.

கருகரு என்று, நெசவு கலையாமல், காகச்சிறகு மாதிரி ஒரு துணி!

கலியாணப் பெண், முற்றம், வழக்கம் எல்லாம் போய்விட்டன. நான் டின்னோடு சனத்தைப் பிளந்துகொண்டு ஓடினேன். "வழி விடுங்க! வழி விடுங்க!" என்று எனக்கு முன்னால் அத்தை கூவிக்கொண்டு போனாள், கண்டிப் பெரஹரா ஊர்வலத்துக்கு முன்னால் சாட்டை அடித்துக்கொண்டு போகிறவர்கள் மாதிரி.

"அப்பா, பஞ்ச எடுங்க. இத வைங்க."

சாமியார் கையை நீட்டித் தடுத்தார். "மகளே, இதனுள் முன்பே நெருப்பு இருக்கிறதோ?"

நியாயமான கேள்வி. பழைய நெருப்பு ஒளிந்திருந்தால் புது நெருப்பு எப்படிப் புதியதாகும்?

"செத்துக் குளிர்ந்து போயிருக்கு சாமி," என்று சொல்லி, துணியை எடுத்து என் கன்னத்திலேயே ஒட்டி வைத்துக் காட்டினேன். "பாருங்க. ஐஸ் மாதிரி."

சனம் கொல்லென்று சிரித்தது. கலியாணப் பெண்ணின் ஒரு கன்னம் கரிச்சட்டி. என்னவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அதற்குப் பிறகு அவரை நான் எத்தனையோ வருஷம் சாடினேன் அதைச் சொல்லி.

சாமியாரும் துணியைத் தொட்டுப் பார்த்தார். விரல் நுனி கறுத்தது. "குளிர்ந்தே இருக்கிறது," என்று சபைக்கு அறிவித்தார்.

அப்பா துணியைக் கல்லின் விளிம்போடு சேர்த்துப் பிடித்தார். கத்தியை ஓங்கினார். முதல் அடி கல்லில் படாமல் போயிற்று. இரண்டாவது அடியில் பொறி தெறித்தது, வெளியே விழுந்தது. அத்தை கூடப் பேசவில்லை. மூன்றாவது அடி. பொறி கொட்டியது. அதில் ஒன்று, ஒரே ஒன்று, கறுப்புத் துணியில் விழுந்தது.

சாகவில்லை.

கடுகளவு சிவப்பு. அது மெல்ல விரிந்தது. மோதிரமாய் ஊர்ந்தது.

"ஊருது! ஊருது!" என்று நான் குதித்தேன்.

அப்பா அதை இலவம் பஞ்சும் தேங்காய்நார்த் தும்பும் சேர்த்துக் குருவிக்கூடு மாதிரிச் செய்த கூட்டில் வைத்து ஊதினார். ஊத வரவில்லை. மனிதருக்குப் பாதி மூச்சு, பாதி அழுகை. டிஸ்பென்சர் ஐயா ஊதினார். அவருக்கு உடனே இருமல். புகை மெலிந்தது. சிவப்பு மங்கியது.

அப்போது பலாமரத்தடியிலிருந்து ஒரு குரல்: "அப்படியா ஊதுவாங்க? மேலேர்ந்து ஊதுனா செத்துப்போகும்டா! கீழேர்ந்து, கீழேர்ந்து!"

தாய்மாமன். பீடியை எறிந்துவிட்டு எழுந்துவிட்டார். ராத்திரியெல்லாம் மாட்டுவண்டி ஓட்டி, மழையில் வழியோரத்தில் சோறு பொங்கின மனிதர். கண்ணெதிரே ஒரு பொறி சாகிறதைப் பார்த்துக்கொண்டு இருக்க அவரால் முடியவில்லை. செவ்வாய்க்கிழமை ரயில், ஊரில் இருக்கிற பெண், எல்லாம் அவர் தலையிலிருந்து இறங்கிவிட்டன. சனத்தை முழங்கையால் தள்ளிக்கொண்டு வந்தார். அப்பாவின் கையிலிருந்து கூட்டைப் பறித்தார். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, கழுத்தை அண்ணாந்து, அடியிலிருந்து ஒரே சீராக, நீளமாக ஊதினார். வெற்றிலைச் சாறு கன்னத்தில் வழிந்தது. துடைக்கவில்லை.

புகை தடித்தது. மஞ்சளாயிற்று. குப்!

சுடர்!

அந்த முற்றத்தில் எழுந்த சத்தம் பக்கத்துத் தோட்டத்துக்கும் கேட்டிருக்கும். தாய்மாமன் எரிகிற கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடினார். "பிடிச்சிருச்சு! பிடிச்சிருச்சுடா மருமகனே!" மீசை நுனி கருகியதுகூட அவருக்குத் தெரியவில்லை. விறகுக் குவியலில் அதை வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்குப் புரிந்தது. மருமகனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், என் கரிக்கன்னத்தை. பிறகு சாமியாரைப் பார்த்தார்.

"சாமி, நான் ஒங்க வேதக்காரன் இல்லியே. நான் ஊதுனது செல்லுமா?" என்று கேட்டார். அந்தக் குரலில் செல்லாது என்று சொல்லிவிடப் போகிறாரே என்கிற பயம் இருந்தது. இப்போது அது அவருடைய நெருப்பும்தானே!

சாமியார் புத்தகத்தைத் திறந்தார். பக்கத்தைப் புரட்டினார். விரலை வைத்து மேலிருந்து கீழே வாசித்தார்.

"கல்லினின்று பிறத்தல் வேண்டும் என்று மட்டுமே எழுதியிருக்கிறது," என்றார். "எவர் ஊத வேண்டும் என்பதைப் பற்றி ஒன்றும் காணப்படவில்லை."

பிறகு நடந்ததெல்லாம் ஒரே ஓட்டம். நெருப்பு மந்திரிக்கப்பட்டது. பெரிய திரி எரிந்தது. தண்ணீரில் திரி முங்கி எழுந்தது. மூன்று நாள் ஊமையாய் இருந்த மணியை அப்பா அடித்தார் பாருங்கள், கயிறு அறுந்து கையோடு வந்துவிட்டது. வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு அவர் நின்றபோது தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. டிஸ்பென்சர் ஐயா அவர் தோளில் கை வைத்துக்கொண்டு, தானே பெற்ற பிள்ளை மாதிரி சுற்றும் முற்றும் பார்த்தார். உச்சிக்கு முன்னால் எல்லாம் முடிந்தது. ஒவ்வொரு லாம்பும் பற்றிக்கொண்டு பட்டப்பகலில் மலையிறங்கியது. அத்தையின் லாம்பில் கண்ணாடி இல்லை. சேலைத் தலைப்பால் காற்றை மறைத்துக்கொண்டு, "நான் மட்டும் அந்தத் துணிய எடுக்காட்டி உங்களுக்கெல்லாம் இத்தனை வேடிக்கை கிடைச்சிருக்குமா?" என்று கேட்டுக்கொண்டே போனாள்.

திங்கட்கிழமை தாய்மாமன் முதல் பந்தியில் உட்கார்ந்தார், ஒரு பக்க மீசையோடு.

செவ்வாய்க்கிழமை அவரை ரயிலேற்றப் பேராதனைச் சந்தி ஸ்டேஷனுக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். அவர் மூட்டையை மேலே வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். எதையோ கேட்கத் தயங்குகிறவர் மாதிரி என்னையே பார்த்தார்.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல புள்ள. ஊர்ல போயி இதச் சொன்னா எவனும் நம்பமாட்டான்."

நான் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தேன். பையிலிருந்து ஒரு சின்ன டின்னை எடுத்துக் கொடுத்தேன். உள்ளே புதிதாகக் கருக்கின துணி, மடித்து வைத்தது. மேலே ஒரு வெங்கச்சங்கல். அப்பா தன் பழைய கவ்வாத்துக் கத்தியின் உடைந்த துண்டு ஒன்றையும் போட்டிருந்தார்.

அவர் அதைத் திறந்து பார்த்து, மூடி, மறுபடி திறந்தார். ரயில் புறப்படுகிற வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. அங்கேயே பீடியை உதட்டில் கவ்விக்கொண்டு, கல்லை முழங்காலில் வைத்து, டக், டக் என்று தட்டத் தொடங்கிவிட்டார். எதிரே இருந்த ஆட்கள் காலை இழுத்துக்கொண்டார்கள். ரயில் நகர்ந்தது. நாங்கள் கூடவே நடந்தோம், பிறகு ஓடினோம். பெட்டி வளைவில் திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே அவர் தலை நீண்டது. வாயில் பீடி. பீடியின் நுனியில் சிவப்பு.

"பிடிச்சிருச்சு!" என்று கத்தினார்.